கிளவுடில் ஏற்றிய பிறகு தொடங்கும் வேலை

2024 மே மாதத் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் உறுப்பினர்களால் தங்கள் கணக்கைத் திறந்து பார்க்க முடியவில்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்களுடைய முதுமைக்கான சேமிப்பாக அந்த நிதியம் நிர்வகிக்கும் தொகை 100 பில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். ஏறக்குறைய ஒரு வாரம் இணையதளமும் செயலியும் முடங்கிக் கிடந்தன. ஹேக்கர் யாரும் உள்ளே நுழையவில்லை. நிதியத்தின் கணினிகள் கூகுள் கிளவுடில், அதாவது இணையம் வழியாக கூகுள் வாடகைக்குத் தரும் கணினிகளில், இருந்தன. அந்தச் சேவையை முதலில் அமைத்துக் கொடுத்தபோது, கூகுள் ஊழியர்கள் தங்கள் உள்கருவி ஒன்றில் ஒரு விவரத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். அது காலியாக இருந்ததால், 'ஓராண்டு முடிந்ததும் தானாக அழித்துவிடு' என்று கருவி எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிந்தது, எல்லாம் அழிந்தது. வழக்கமாக வரும் எச்சரிக்கை மின்னஞ்சல்கூட வரவில்லை. வாடிக்கையாளர் அழிக்கச் சொன்னால்தானே அது வரும்.

யூனிசூப்பர் மீண்டு வந்ததற்குக் காரணம், அழிந்த அமைப்புக்கு வெளியே அது நகல்கள் வைத்திருந்தது. வேறொரு சேவை நிறுவனத்திடமும் பேக்கப் இருந்ததாக, கூகுளும் நிதியமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த நகல்களை வைப்பதென்று முடிவெடுத்தது வாடிக்கையாளர். 

கிளவுடுக்கு மாறுவதைப் பற்றி நம் தொழில் வட்டாரங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் எந்த நிறுவனம், எவ்வளவு ரூபாய், எத்தனை நாளில் மாற்றலாம் என்பதோடு முடிந்துவிடுகிறது. சர்வரை ஒப்படைத்தால் அதைப் பற்றிய கவலையையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடுகிறது. எனக்கு இந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது. கணினிப் பெட்டிகளையும் மின்சாரத்தையும் ஏசியையும் ஒப்படைக்கலாம். யார் உள்ளே வரலாம், நகல் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு செலவழிக்கலாம், வேண்டாமென்றால் எப்படி வெளியே வருவது என்ற முடிவுகளை ஒப்படைக்க முடியாது. அவற்றை எடுக்க நிறுவனத்துக்குள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

மாறுவதற்கான காரணங்கள் வலுவானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறிய அறையில் சர்வர், அதற்கொரு யுபிஎஸ், அதன் பேட்டரி போனால் அலைச்சல், ஹார்ட் டிஸ்க் போனால் அதைவிடப் பெரிய அலைச்சல் என்றுதான் பல நிறுவனங்கள் காலம் தள்ளின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள அலுவலகங்கள் பட்ட பாடு பலருக்கு மறந்திருக்காது. அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், சில மாதங்கள் கழித்து இசி2 என்ற வாடகைக் கணினிச் சேவையையும் தொடங்கியபோது, ஒரு புதுக் கம்பெனிக்கு முதல் நாளிலேயே சர்வர் வாங்கப் பணம் புரட்ட வேண்டிய நிலை போனது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் புணே, சென்னை, மும்பையில் தன் டேட்டா சென்டர்களை, அதாவது சர்வர்களைக் குவித்து வைத்து இயக்கும் மையங்களை, திறந்தது. அமேசான் 2016-ல் மும்பைக்கு வந்தது, 2022-ல் ஹைதராபாத்துக்கும் வந்தது. கூகுள் 2017-ல் மும்பையிலும் 2021-ல் டெல்லியிலும் தொடங்கியது. தரவு நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் இன்று தடையில்லை.

கிளவுட் என்று ஒரே பெயரில் சொன்னாலும், பொறுப்பின் எல்லை எல்லாவற்றிலும் ஒன்றல்ல. வெறும் கணினியை வாடகைக்கு எடுத்தால், அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்வதுவரை உங்கள் வேலை. டேட்டாபேஸை (தரவை ஒழுங்குபடுத்திச் சேமிக்கும் மென்பொருளை) ஒரு சேவையாக எடுத்தால் அப்டேட் அவர்கள் வேலை, யாருக்கு அனுமதி என்பது உங்கள் வேலை. கணக்கு மென்பொருளையோ மின்னஞ்சலையோ மாதச் சந்தாவில் வாங்கினால், ஏறக்குறைய எல்லாமே அவர்கள் வேலை. ஆனால் அங்கேயும் பாஸ்வேர்டும், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடுவதும், உள்ளே இருக்கும் தரவும் உங்களுடையவை. எந்தச் சேவை வாங்கினாலும் இந்த மூன்றும் கைமாறுவதே இல்லை.

எப்படி மாறுவது என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் நெட்ஃபிளிக்ஸ். 2008 ஆகஸ்டில் அதன் டேட்டாபேஸ் கெட்டுப்போய், மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் நின்றது. கிளவுடுக்கு மாறுவது என்று அப்போது எடுத்த முடிவு முழுமையாக நிறைவேறியது 2016 ஜனவரியில். ஏழு ஆண்டுகள்! பணமும் பொறியாளர்களும் இல்லாததால் ஆன தாமதமல்ல அது. இருந்ததை அப்படியே தூக்கி வைத்தால் பழைய கோளாறுகளும் கூடவே வரும் என்று, மென்பொருளையே சிறு சிறு சேவைகளாகப் பிரித்துத் திரும்ப எழுதினார்கள். எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு சர்வர் சாகும் என்று எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைத் தாங்களே கண்டபடி நிறுத்திப் பார்க்கும் கருவியையும் எழுதினார்கள்.

ஒரு நடுத்தர நிறுவனத்தால் ஏழு ஆண்டுகள் செலவிட முடியாது, தேவையும் இல்லை. ஆனால் அங்கே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அலுவலகத்தில் 24 மணி நேரமும் ஓடிய சர்வரை அதே அளவில் கிளவுடில் எழுப்பி, அங்கேயும் 24 மணி நேரமும் ஓடவிட்டால், பெரும்பாலும் செலவு கூடும், பலன் கூடாது. முதலில் மாற்ற வேண்டியவை, நின்றால் தொழில் நிற்காத வேலைகள்: பழைய கோப்புகளின் சேமிப்பு, பேக்கப், சோதனைச் சர்வர்கள். இவற்றில் சில மாதம் பழகி, பில் எப்படி வருகிறது, அனுமதி எப்படிக் கொடுப்பது என்று கை பழகிய பிறகுதான் ஆர்டர் எடுக்கும் மென்பொருளில் கை வைக்க வேண்டும். தீபாவளி விற்பனைக்கு முந்தைய வாரத்தில் அதை மாற்றக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது சாவி, அதாவது உள்ளே நுழையும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. மென்பொருள் எழுதுபவர்களின் மூலநிரல்களைப் பாதுகாத்து வைப்பதே அதன் தொழில். 2014 ஜூன் 17 அன்று அதன் அமேசான் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் ஒருவன் நுழைந்து, பணம் கேட்டுச் செய்தி விட்டான். நிறுவனத்தார் பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்கினார்கள். அவனோ முன்கூட்டியே வேறு சில லாகின்களை உருவாக்கி வைத்திருந்தான். தன்னை வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அழிக்கத் தொடங்கிவிட்டான். 12 மணி நேரத்தில் பெரும்பாலான தரவும், அதன் நகல்களும், வேறிடத்தில் இருப்பதாக நம்பிய நகல்களும் போயின. தொழிலைத் தொடர வழியில்லை என்று அறிவித்து, அந்த நிறுவனம் கதவை மூடியது. அவர்களிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. இருந்த பேக்கப் எல்லாம் ஒரே அக்கவுன்டின் அதிகாரத்துக்குள் இருந்தது. யூனிசூப்பருக்கும் இவர்களுக்கும் நடுவே உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஒரு நிறுவனம் பிழைப்பதையும் மூடப்படுவதையும் அதுவே தீர்மானித்தது.

பெரிய நிறுவனங்களுக்கு இப்படி நடக்காது என்று எண்ண வேண்டாம். அமெரிக்க வங்கியான கேபிடல் ஒன், கிளவுடை எல்லோருக்கும் முன்னால் துணிந்து ஏற்றுக்கொண்ட வங்கி என்று பெயர் வாங்கியது. 2019 மார்ச்சில் அதன் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணையக் கோரிக்கைகளை வடிகட்டும் தடுப்பு) ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்ததைப் பயன்படுத்தி, அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் பற்றிய விவரங்கள் எடுக்கப்பட்டன. வங்கிக்கு அது தெரிந்தது ஜூலையில், வெளியாள் ஒருவர் மின்னஞ்சலில் எச்சரித்த பிறகு. அந்த ஃபயர்வாலுக்குச் சேமிப்பகத்தில் இருந்த கோப்புகளைப் பட்டியலிடவும் படிக்கவும் அனுமதி இருந்தது. ஒரு ஃபயர்வாலுக்கு அந்த அனுமதி எதற்கு? அமைக்கும்போது யாரோ தாராளமாகக் கொடுத்திருப்பார்கள், பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2020-ல் அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு கேபிடல் ஒன்னுக்கு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது. அபராதம் கட்டியது கேபிடல் ஒன், அமேசான் அல்ல.

நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் சாவிப் பிரச்சினை இதைவிட எளிய வடிவத்தில் இருக்கிறது. இணையதளமோ ஆப்போ செய்து கொடுத்த டெவலப்பர், அவசரத்துக்குத் தன் சொந்த மின்னஞ்சலில் கிளவுட் அக்கவுன்டைத் திறந்திருப்பார். ஓடிபி அவர் போனுக்குப் போகும். முதலாளியிடம் இருப்பது மாதாமாதம் வரும் பில் மட்டும். அந்தத் தம்பி வேலை மாறினாலோ, மனஸ்தாபம் வந்தாலோ, நம்பரை மாற்றினாலோ, தொழிலின் ஒட்டுமொத்தத் தரவும் யாருடையது என்ற கேள்வி எழும். அந்த அக்கவுன்டின் உச்ச அதிகார லாகின் நிறுவனத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டு, அன்றாட வேலைக்குத் தொடாமல் வைக்க வேண்டும். வேலை செய்பவர்களுக்குத் தனித்தனி லாகின், அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும். பேக்கப் வேறு அக்கவுன்டில், முடிந்தால் வேறு நிறுவனத்தில், அன்றாட அட்மினால் அழிக்க முடியாதபடி. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒரு நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

சாவி கசிந்தால் தரவு மட்டுமே போவதில்லை. நிரலுக்குள் அணுகல் சாவியை (கிளவுட் கணக்கைத் திறக்கும் ரகசியக் குறியீட்டை) எழுதி, அதைப் பொதுவெளியில் ஏற்றிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. அதைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சாவி கிடைத்ததும் உங்கள் கணக்கில் பெரிய பெரிய கணினிகளை எழுப்பி, கிரிப்டோ நாணயம் தோண்டுவார்கள். பில் உங்கள் பெயரில் வரும்.

பில்லுக்கே வருவோம். சர்வர் வாங்கிய காலத்தில் செலவு ஒரே தடவை வரும், முதலாளி கையெழுத்திட்டுத்தான் வரும். கிளவுடில் ஓர் இளம் பொறியாளர் ஒரு பட்டனை அழுத்தினால் செலவு தொடங்கிவிடும், மாதக் கடைசியில்தான் கணக்குப் பிரிவுக்குத் தெரியும். செலவு செய்யும் அதிகாரம் வாங்கல் பிரிவிலிருந்து பொறியாளர் மேசைக்கு நகர்ந்துவிட்டதை நிர்வாகம் கவனிப்பதில்லை. பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருக்கிறோம் என்பார்கள். அந்த எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும், தானாகச் செலவை நிறுத்தாது. விலை டாலரில் நிர்ணயிக்கப்படுவதால், இந்தியாவில் ரூபாயில் பில் வந்தாலும் டாலர் ஏறினால் பில் ஏறும். மேலே 18 சதவீத ஜிஎஸ்டி.

பெரிய மிச்சம் வருவது சாதாரண ஒழுங்கில்தான். வாரத்துக்கு 168 மணி நேரம். சோதனைச் சர்வரை ஊழியர்கள் பயன்படுத்துவது 60 மணி நேரம் என்றால், மற்ற நேரம் நிறுத்தி வைத்தாலே அதன் ஓட்டக் கட்டணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். எப்போதும் ஓட வேண்டியவற்றுக்கு ஓராண்டு அல்லது மூன்றாண்டு பயன்படுத்துவோம் என்று உறுதி கொடுத்தால் கணிசமான தள்ளுபடி உண்டு. ஆனால் முதல் மாதத்திலேயே மூன்றாண்டு உறுதி கொடுத்துவிடக் கூடாது, உண்மையான தேவை அப்போது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சர்வருக்கும் எந்தப் பிரிவு, எந்த வேலை, யார் பொறுப்பு என்று பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத சர்வர், வேலையை விட்டுப் போனவர் எழுப்பியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை நிறுத்த யாருக்கும் துணிவு வராது, ஆண்டுக்கணக்கில் ஓடும்.

கிளவுட் மலிவா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. பயனர்களின் கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ், அமேசான் கிளவுடில் வளர்ந்த நிறுவனம். 2015 வாக்கில் பயனர் கோப்புகளில் பெரும்பகுதியைத் தன் சொந்தச் சர்வர்களுக்கு மாற்றிக்கொண்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இதனால் சுமார் 7.46 கோடி டாலர் செலவு குறைந்ததாக, 2018-ல் பங்குச்சந்தைக்கு வரும்போது தாக்கல் செய்த ஆவணம் காட்டுகிறது. 37சிக்னல்ஸ் என்ற சிறிய மென்பொருள் நிறுவனம் 2022-ல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் கட்டியதாகக் கணக்கு வெளியிட்டு, சொந்தச் சர்வர் வாங்கி 2023-ல் தன் செயலிகளை வெளியே கொண்டுவந்தது. இரண்டிலும் பொதுவாக இருப்பது, சுமை பெரியது, நிலையானது, முன்கூட்டியே கணிக்கக்கூடியது. அதோடு சர்வரைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தார்கள். ஆண்டில் இரண்டு கல்யாணத்துக்காக யாரும் மண்டபம் கட்டுவதில்லை, தினமும் பந்தி போடுகிறவருக்கு வாடகை மண்டபம் கட்டுப்படியாகாது.

சென்னையிலேயே இரண்டு பாதைகளையும் பார்க்கலாம். ஜோஹோ தன் மென்பொருள்களைத் தன் சொந்த டேட்டா சென்டர்களில் ஓட்டுகிறது. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அமேசான் கிளவுடின் மீது வளர்ந்து, 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. சுய முதலீட்டில் பல பத்தாண்டுகள் நின்று வளர நினைத்தவருக்கு ஒன்று பொருந்தியது. முதலீட்டாளர் பணத்தில் உலகம் முழுக்க வேகமாக விரிய நினைத்தவருக்கு மற்றொன்று பொருந்தியது. ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனமோ மருந்து மொத்த வியாபாரியோ இந்த இருவரில் யாரையும் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. தன் வேலைச் சுமை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று ஓராண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கிளவுட் நிற்குமா? நிற்கும். 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் பில்லிங் கோளாறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் கட்டளையைத் தவறாகக் கொடுத்தார். நீக்க நினைத்ததைவிட அதிகச் சர்வர்கள் நீங்கி, எஸ்3 சுமார் நான்கு மணி நேரம் முடங்கியது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று காட்டும் அமேசானின் அறிவிப்புப் பலகையே எஸ்3-ஐ நம்பியிருந்ததால், அதையும் புதுப்பிக்க முடியவில்லை. சேவை 99.9 சதவீத நேரம் கிடைக்கும் என்ற உறுதியைக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று பொருள். அந்த உறுதி தவறினால் பில்லில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். உங்களுக்குப் போன வியாபாரத்துக்கு ஈடு தர மாட்டார்கள்.

2021 மார்ச் 10 அன்று, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுமையாக எரிந்தது. பேக்கப் சேர்ந்தே கிடைக்கும் என்று எண்ணியிருந்த பல வாடிக்கையாளர்கள், தங்கள் தரவு போய்விட்டதை அன்றுதான் அறிந்தார்கள். சொந்தமாக வைத்திருந்தால் இப்படி ஆகாது என்பதற்கும் ஆதாரமில்லை. 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசே நடத்திய டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் சேமிப்பகத்தின் 858 டெராபைட் தரவு அழிந்தது. மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளி நகல் எடுக்கவில்லையாம். பேக்கப் இருக்கிறது என்ற பதிலோடு எந்த முதலாளியும் திருப்தி அடையக் கூடாது. கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப் வேலை செய்யும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

இந்தியாவில் சட்டமும் இப்போது இதையே கேட்கிறது. கணக்குப் புத்தகங்களைக் கணினியில் வைத்திருக்கும் கம்பெனிகள், அவற்றின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. வெளிநாட்டுச் சர்வரில் ஓடும் கணக்கு மென்பொருளை வாங்கியவர்கள் ஆடிட்டரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. சைபர் தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிகளில் நடந்தவற்றின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஐடி வேலைகளை வெளியே கொடுப்பதற்கு ரிசர்வ் வங்கி வகுத்த நெறிகள் 2023 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளன. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளரின் தரவை நீங்கள் யாரிடம் கொடுத்து வைத்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே. போதிய பாதுகாப்பு இல்லாமல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடப்புக்கு வருகின்றன.

கடைசியாக, வெளியே வரும் வழி. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில், ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு 49 சதவீதப் பங்கு இருக்கிறது. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது பொருளாதாரத் தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்திவிட்டது. கட்டணம் முழுக்கக் கட்டியிருக்கிறோம், எங்கள் தரவையே எங்களால் எடுக்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாத முடிவுக்குள் சேவை திரும்பியது. அந்தத் தடையின் அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். பணம் கட்டி, ஒப்பந்தத்தை மீறாமல் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கும் ஒரு காலை வேளையில் கதவு மூடலாம் என்பது இப்போது நம் நாட்டிலேயே நடந்துவிட்டது.

வெளியேறுவதற்குக் கட்டணத் தடையும் இருந்தது. தரவை உள்ளே ஏற்றுவது இலவசம், வெளியே எடுத்தால் மீட்டர் ஓடும். அமேசானின் மும்பை மையத்திலிருந்து இணையம் வழியாக ஒரு டெராபைட் எடுக்க ஏறக்குறைய 110 டாலர் என்பது பட்டியல் விலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் அது அறவே ஒழிக்கிறது. அந்தச் சட்டம் வரும் நேரத்தில், 2024-ன் தொடக்கத்திலேயே, முழுமையாக வெளியேறும் வாடிக்கையாளருக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும் அறிவித்துவிட்டன. கேட்டால்தான் கிடைக்கும், முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

ஆனால் பெரிய தடை கட்டணத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும் டேட்டாபேஸிலும் கருவிகளிலும் மென்பொருளைக் கட்டினால் வேலை வேகமாக முடியும், பிறகு நகர முடியாது. எல்லாவற்றையும் எங்கும் ஓடும்படி எழுதுவது வீண் செலவு என்று சொல்பவர்களோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. தரவின் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வாடிக்கையாளர் பட்டியல், பில்கள், இருப்புக் கணக்கு ஆகியவற்றை வேறொருவர் மென்பொருளும் படிக்கக்கூடிய வடிவத்தில், குறிப்பிட்ட இடைவெளியில், கிளவுடுக்கு வெளியே இறக்கி வைக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பின் எத்தனை நாள் தரவை வைத்திருப்பார்கள், எந்த வடிவத்தில் தருவார்கள், எங்கள் பக்கம் யார் கேட்டால் தருவார்கள் என்ற மூன்றையும், விலை பேசும் அதே கூட்டத்தில், கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.